தும்புத்தடியோடு பறந்த தர்சினி

ஒரு நிறத்தைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்தவன் நேர்மையானவனாகத்தான் இருப்பான் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஏனென்றால் நிறங்களைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்தவன் நான்தான். (எங்கள் தீவு ஊரான கரம்பொனில் எனக்கு இதில் போட்டியும் இல்லை.) அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒஸ்லோவில் இருந்த ஒரு குடும்பத்தின் கண் முன்னால், என் வீட்டு விறாந்தையில் வைத்தே உடைந்து போனது. உடைத்தவனும் நான்தான்.

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வரைபடம் கீறுபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு எனக்கு ஒத்துவரவில்லை. பழுதில்லாத தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பழுதாக்கினேன். படலையை இடப்பக்கம் திறக்கிறதிலிருந்து வலப்பக்கம் திறக்கிறதாக மாற்றி, அது பிடிக்காமல் திரும்பவும் மாற்றினேன். காலையில் சைக்கிளை எடுத்து ஊர்காவற்றுறை இறங்குதுறை வரை போய், அங்கே ஒரு வேலையும் இல்லாததால் திரும்பி வருவேன். என் மனைவி மனோன்மணி மெல்பேணில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, இந்த மனுசனை ஓரிடத்திலை இருத்துறதுக்கு ஏதாவது வழி பார். என்னாலை ஏலாது" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

மகன் ஒரு நல்ல கணினியை அனுப்பி, அதில் போர்விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் ஏற்றிவிட்டான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்கள். உண்மையான விமானத்தில் உள்ள அத்தனை கருவிகளும் அதில் இருந்தன. நான் ஏறினேன், எழும்பினேன், கடலில் விழுந்தேன். மறுநாளும் விழுந்தேன். கடல் இல்லாத இடத்தில் பறந்த நாட்களில் மலையில் மோதினேன். இப்படியே தினமும் செத்துக்கொண்டிருந்தபோதுதான், விமானத்தை ஓட்டாமல் அதற்குப் பூச்சு மட்டும் பூசுகிற ஒரு கூட்டம் உலகமெல்லாம் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

அது எப்படியென்றால், தையற்காரர் சட்டைத் துணியைக் கை வேறு, கழுத்து வேறு, முதுகு வேறாக வெட்டிப் பரப்பி வைப்பாரே, அதுபோல விமானத்தின் உடலை ஒரு தட்டைப் படமாக விரித்துத் தருவார்கள். நாம் அதன்மேல் நிறம், இலக்கம், சின்னம், அழுக்கு, புகைக்கரி எல்லாவற்றையும் கீறிக் கொடுத்தால், விளையாட்டு அதை எடுத்து விமானத்துக்குப் போர்த்திவிடும். ஆனால் நினைத்தபடி கீற முடியாது. இன்ன விமானி, இன்ன களத்தில் ஓட்டிய இன்ன விமானம் என்று பழைய படங்களைத் தேடி, அதன்படியே செய்யவேண்டும். காசு கிடையாது. பாராட்டு உண்டு. பாராட்டைவிட அதிகமாகத் திருத்தம் உண்டு.

எங்கள் கூட்டத்தில் போலந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். யார் எதைப் போட்டாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. நான் போட்ட முதல் விமானத்தைப் பார்த்து, "பச்சை பிழை" என்று மட்டும் எழுதினார். அந்தச் சின்ன வசனம் என்னை நிலைகொள்ள விடவில்லை. அதே பச்சையைக் கலந்து, தகரத் துண்டுகளில் பூசி, வெயிலில் எப்படி மங்குகிறது என்று பார்ப்பதற்காக உடுப்புக் காயப்போடும் கொடியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். மனோன்மணியின் வெள்ளைச் சேலையில் போர்க்காலப் பச்சை ஒட்டிக்கொண்டது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?" என்றாள்.

"பிழையான நிறம் பூசுறது பொய் சொல்லுறமாதிரி" என்றேன். (இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னால் இது என்னைத் தேடி வரும்.)

மனோன்மணிக்கு இதெல்லாம் பிடிக்காததற்குச் சேலை மட்டும் காரணமில்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள். "அந்தக் கோதாரியளை ஏன் இருந்து சோடிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டாள்.  இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அந்த நாட்களில் சத்தம் கேட்டவுடன் குழிக்குள் குப்புற விழுந்தோம். நான் கண்டதெல்லாம் மண்ணும் என் கையும்தான். ஒரு விமானத்தைக்கூட நிறுத்தி வைத்துப் பார்த்ததில்லை. இந்தத் திரையிலோ அது நான் சொல்லும்வரை அசையாமல் நிற்கிறது. வயிற்றைத் திருப்பி, ஆணி ஆணியாகப் பார்க்கலாம். எங்கள் தலைக்கு மேலே பறந்த வகைகள் எப்போதாவது அந்த விளையாட்டில் வந்தாலும் தொடுவதில்லை, சத்தத்தைத் திறப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அதை இன்றைக்கும் காப்பாற்றுகிறேன். என் நேர்மைக்கு அந்த ஒன்றைத்தான் சாட்சியாகக் காட்டலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரத் தயங்குவதால்தான் இவ்வளவு சுற்றினேன்.

பர்மாப் பக்கம் பறந்த அமெரிக்கச் சண்டை விமானம் ஒன்றின் பழைய படம் எனக்குக் கிடைத்தது. அந்தக் கால விமானிகள் மூக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் உருவத்தைக் கீறி வைத்திருப்பார்கள். இதிலும் ஒருத்தி இருந்தாள். ஆனால் படத்தில் ஒரு வெடிப்பு ஓடி, அவளுடைய முகமும் பாதி உடம்பும் போய்விட்டன. தெரிந்த கால்களைப் பார்த்தால், மிச்சமும் நீச்சல் உடுப்பில் இருந்திருக்கத்தான் இடமுண்டு. நான் திருநீறு பூசுகிற ஆள். அந்த உடுப்பை மனோன்மணி இருக்கும் வீட்டில் என்னால் கீற ஏலாது. சேலை உடுத்தலாம் என்று தீர்மானித்தேன். (வரலாற்றுக்கு அது துரோகம்தான். ஆனால் வெடிப்பு என் பக்கம் இருந்தது.) முகத்துக்கு என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. கற்பனையில் கீறிய முகமெல்லாம் கந்தோரில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவரைப்போலவே வந்தது.

அந்த நேரத்தில்தான் என் தங்கை செல்வராணி வந்தாள். அவளுடைய மகள் தர்சினி வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறாள். வாயும் மூளையும் நல்ல கூர். கலியாணம் மட்டும் சரிவராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சம்பந்தங்கள் வந்து தட்டிப் போயிருந்தன. ஒன்றில் சாதகக் கட்டம் பொருந்தவில்லை. மற்றதில் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெரியம்மா போகிற போக்கில், "பிள்ளை வெயிலுக்கை கனக்கத் திரியிறவ போலை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது ஒஸ்லோவிலிருந்து ஒரு சம்பந்தம். சாதகம் பொருந்திவிட்டது. அடுத்தது படம் அனுப்பவேண்டும்.

"அண்ணை, இந்தப் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தாங்கோ" என்றாள்.

பார்த்தேன். நல்ல படம். கழுத்தை ஒரு பக்கம் சற்றே சரித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் காணும்தானே?" என்றேன்.

"உங்களுக்கு விளங்கும், நான் என்ன சொல்லுறன் எண்டு."

எனக்கு விளங்கியது. விமானத்தின் வயிற்றில் புகைக்கரியை மங்கலாக்குகிற அதே கருவியை எடுத்து, என் மருமகளின் கன்னத்தில் வைத்தேன். தங்கை பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்றாள். அவள் போதும் என்று சொன்னபோது தர்சினி, குழல்விளக்கு ஒன்றை விழுங்கியவள்போல இருந்தாள்.

"நல்ல வடிவாக் கிடக்கு!" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படத்தை அன்றைக்கே தரகருக்கு அனுப்பினாள்.

தங்கை போன பிறகு கணினியில் இரண்டு படங்கள் திறந்திருந்தன. ஒன்று முகமில்லாத விமானம். மற்றது வெளுக்காத, அசல் தர்சினி. அந்தச் சரித்த கழுத்து அந்த மூக்குக்கென்றே அமைந்ததுபோல இருந்தது. தற்காலிகமாக வைத்துப் பார்ப்போம், பிறகு முகத்தை மாற்றுவோம் என்று அவளை எடுத்து விமானத்தில் வைத்தேன். (கந்தோரில் நாங்கள் தற்காலிகமாகப் போட்ட கோடுகள் சில இன்றைக்கும் ஊர் எல்லைகளாக இருக்கின்றன.) உடம்புக்கு என்ன செய்வதென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தின கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் மேசையில் ஏறிய ஆட்டை அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வீடு கூட்டுகிற தும்புத்தடியை ஓங்கித் துரத்தியது கண்ணுக்குள் நின்றது. அப்படியே கீறினேன். கீழே 'தீவுக்காரி' என்று தமிழில் எழுதினேன். விமானி வீழ்த்திய யப்பான் விமானங்களுக்கான அடையாளங்களை, பழைய படத்தில் உள்ளபடியே, சின்னச் சின்னக் கொடிகளாகப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். வெளியிட்டேன்.

போலந்துக்காரர் சேலையைப் பற்றி நீளமாகக் கண்டித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "முகத்தின் நிறம் மிகச் சரியாக இருக்கிறது." அவர் வாயால் அப்படி ஒரு சொல் வந்ததை நான் கேள்விப்பட்டதேயில்லை. அந்த மயக்கத்தில் முகத்தை மாற்றுவதை மறந்தேன். மறந்ததையும் மறந்தேன்.

ஒஸ்லோவிலிருந்து படம் பிடித்திருக்கிறது என்று செய்தி வந்தது. முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்றார்கள். பெரிய திரை என் வீட்டில் இருந்ததால் ஞாயிறு மத்தியானம் எல்லாரும் என் விறாந்தையில் கூடினோம். தங்கை பலகாரத் தட்டத்தைக் கணினிக்கு முன்னால் வைத்தாள். தேத்தண்ணியைப் பெண்தான் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"ஆருக்குக் குடுக்கிறது? அவையள் ஒஸ்லோவிலை எல்லோ இருக்கினம்?" என்று குசினிக்குள்ளிருந்து தர்சினியின் குரல் கேட்டது.

"மாமாவுக்குக் குடு! முறை எண்டு ஒண்டு இருக்கு."

திரையில் மாப்பிள்ளை சுதனும் அவருடைய தாயும் தெரிந்தார்கள். தாய்க்குக் கரம்பொன்தான் சொந்த ஊர். கொஞ்ச நேரம் அங்கே பனி, இங்கே வெயில் என்று கதைத்தோம். பிறகு கதை வற்றிப் போனது. எனக்கு இப்படிப்பட்ட மௌனங்கள் ஆகாது. கதிரையில் நெளிந்தேன். எதையாவது கேட்டாக வேண்டும்.

"தம்பி, வேலையில்லாத நேரம் நீர் என்ன செய்வீர்?"

"பெரிசா ஒண்டுமில்லை அங்கிள். கொம்பியூட்டரிலை விமானம் ஓட்டுவன். பழைய காலத்துப் போர்விமானங்கள்."

என் உடம்பில் மின்சாரம் பாய்ந்தது. "எந்த விளையாட்டு?" என்றேன். சொன்னார். அதே விளையாட்டுத்தான்! இத்தனை காலம் இந்தத் தீவில் ஒருவரிடமும் சொல்லி விளங்கப்படுத்த முடியாமல் நான் தவித்த தவிப்பு எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது. தங்கை என் தொடையில் கிள்ளினாள். அது எனக்கு உற்சாகம் தருகிற கிள்ளாகப் பட்டது.

"கொஞ்சம் பொறும் தம்பி, ஒண்டு காட்டுறன்" என்று என் திரையை அவர்களுக்குத் திறந்துவிட்டேன்.

விமானம் மெல்லச் சுழன்றது. முதலில் வால், பிறகு செட்டை. நான் பச்சை மங்கிய விதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். பிறகு மூக்குப் பக்கம் வந்தது.

"அங்கிள்... இதிலை நிக்கிறது ஆர்?" என்றார் சுதன்.

தாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். "இது எங்களுக்கு அனுப்பின பிள்ளையெல்லோ?"

"இல்லை" என்றேன் நான். "ஓம்" என்றாள் மனோன்மணி, அதே நொடியில்.

"ஏன் தும்புத்தடி வைச்சிருக்கிறா?"

"அது எதிரியளைத் துரத்திறதுக்கு அக்கா" என்றேன்.

"பக்கத்திலை வெள்ளைக் கட்டத்துக்கை சிவப்புப் பொட்டு வரிசையாக் கிடக்கு. அது என்ன?"

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் மின்சாரத்தை நிறுத்தியிருப்பான். நான் என் துறையில் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். "அது ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஆள் அக்கா. இதுவரைக்கும் விழுத்தினது."

தாய் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். முகம் மாறியது. "தரகர் ரெண்டு சம்பந்தம்தான் தட்டிப்போனது எண்டு சொன்னவர்!"

தங்கை தலையில் கைவைத்தாள். சுதன் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். நான் யப்பான், பர்மா என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். ஆனால் தாயின் கண் இப்போது வேறிடத்துக்குப் போயிருந்தது. கைத்தொலைபேசியில் இருந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. விமானத்திலை பிள்ளை கறுப்பு. எங்களுக்கு வந்த படத்திலை நல்ல வெள்ளை. இதிலை எது சரி?" என்று கைத்தொலைபேசியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பச்சையில் ஒரு சாயல் பிழைத்ததற்காகத் தகரம் தகரமாகக் கொடியில் கட்டித் தொங்கவிட்டவன் நான். நிறங்களைப் பற்றி என் வாழ்க்கையில் கேட்கப்பட்ட மிக முக்கியமான கேள்வி இது. "அது வந்து... வெளிச்சம் விழுகிற கோணம்..." என்றேன்.

அப்போது தர்சினி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்றாள். திரையில் விமானத்தைப் பார்த்தாள். அதில் தன்னைப் பார்த்தாள். ஒஸ்லோ அம்மாவின் கையிலிருந்த அந்தக் குழல்விளக்குப் படத்தையும் பார்த்தாள். அவளிடம் ஒருவரும் அதைக் காட்டியிருக்கவில்லை. தட்டத்தை மேசையில் வைத்தாள். ஒரு கோப்பை சரிந்து விழுந்து உடைந்தது. ஒருவரும் குனியவில்லை.

"என்ரை படத்தை வெளுத்தது ஆர்?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் விமானத்தைப் பார்த்தேன்.

தர்சினி கமராவுக்கு முன்னால் வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்றாள். "அன்ரி, விமானத்திலை இருக்கிறதுதான் நான். உங்களுக்கு வந்தது மாமா பூசினது."

"தும்புத்தடியும் உண்மையோ?" என்று சுதன் சிரிப்புக்கு நடுவே கேட்டார்.

"அதுவும் உண்மைதான்."

"நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்றார் தாய். தொடர்பு நின்றது. திரையில் விமானம் மட்டும் தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது.

தர்சினி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு, படலையடியில் நின்று திரும்பி ஒன்றுதான் கேட்டாள்: "விமானத்துக்குப் பிழையான நிறம் பூசினாப் பொய் எண்டு மாமிக்குச் சொன்னனீங்களாம். எனக்குப் பூசேக்கை அது என்ன மாமா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் இருக்க ஏலவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒருநாள் மண்கும்பான் கடற்கரை வரை மிதித்தேன். அங்கேயும் இருக்க ஏலவில்லை. அறிமுகமில்லாத போலந்துக்காரருக்குப் பொய் சொல்லப் பயந்தவன், கையில் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பொய்யாக்கிவிட்டேன். அதுவும் அவளில் பிழையென்று நான் ஒருநாளும் நினைக்காத ஒன்றை, பிழை என்று ஒப்புக்கொண்டு அழித்திருக்கிறேன். அவளுடைய முகத்தை அவளைக் கேட்காமல் விமானத்தில் ஒட்டியது இன்னொரு பிழை. ஆனால் இரண்டிலும் எது பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "பிள்ளை, நான் செய்தது பிழை. அந்த விமானத்தை இண்டைக்கே எடுத்துப்போடுறன்" என்றேன்.

சிவப்புப் பேனையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அதை எடுக்க வேண்டாம். கேக்காமல் போட்டது பிழைதான், ஆனா அதிலை நான் நானா நிக்கிறன். மற்றதை அழியுங்கோ. இனி ஆரும் படம் கேட்டா விமானத்தை அனுப்புங்கோ."

"ஐயோ, தும்புத்தடியோடையோ?" என்று உள்ளேயிருந்து தங்கை அலறினாள்.

"தும்புத்தடியோடைதான்."

ஒஸ்லோவிலிருந்து பதில் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். ஏற்கெனவே பொருந்திய சாதகம் அது. சுதன் மட்டும் அந்தப் பூச்சை இறக்கி எடுத்துப் பறந்துகொண்டிருப்பதாகப் பிறகு எனக்கு எழுதினார். 'தீவுக்காரி'யில் ஏறினால் நன்றாகக் குறி விழுகிறதாம்.

தர்சினி சொன்னதைச் செய்தாள். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் தங்கை அழுதழுது விமானத்தின் படத்தையே அனுப்பினாள். சிலர் பதிலே போடவில்லை. ஒரு தரகர் எங்கள் தொலைபேசி இலக்கத்தையே அடைத்துவிட்டார். ஒருநாள் குமரன் என்று ஒருவர், நயினாதீவில் படிப்பிக்கிற வாத்தியார், நேரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கதிரையில் இருக்கச் சொன்னோம். இருக்கவில்லை. "அந்தத் தும்புத்தடி எங்கை? அதைப் பாத்திட்டு இருக்கிறன்" என்றார். தர்சினி குசினியிலிருந்து அதை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

கலியாணத்தில் அவளுடைய பள்ளிக்கூட ஆசிரியைகள் பட்டு நாடா கட்டிய தும்புத்தடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கு யார் படம் எடுக்கக் கமராவைத் தூக்கினாலும், எடுபடுகிறவர்கள் ஒரே குரலில், "மாமாட்டைக் குடுக்காதையுங்கோ!" என்கிறார்கள். என் பேரப்பிள்ளைகள் மெல்பேணில் இருந்துகொண்டே அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

குமரன் முதல் தரம் மருமகனாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, விமானத்தைத் திறக்கச் சொல்லி, அந்தச் சிவப்புப் பொட்டு வரிசையை உற்றுப் பார்த்தார். "மாமா, என்னை இன்னும் கீறேல்லையோ?" என்றார். தர்சினியைப் பார்த்தேன். இந்த முறை கேட்டேன். "கீறுங்கோ" என்றாள். வரிசையின் கடைசியில் இன்னொரு பொட்டு வைத்தேன்.

அடுத்த ஞாயிறே போலந்துக்காரர் எழுதிவிட்டார். அந்த விமானி வீழ்த்தியதைவிட ஒரு கொடி கூடுதலாக இருக்கிறது, இதற்கு ஆதாரம் என்ன என்று. புதிய ஆதாரம் கிடைத்திருப்பதாகப் பதில் எழுதினேன். நான் எழுதியதில் பொய் இல்லை. ஆதாரம் அந்த நேரம் எங்கள் குசினியில், தர்சினியிடம் ஏச்சு வாங்கியபடி, தான் உடைத்த கோப்பையைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்றது.